பெருந்தெருவும் பத்திரமும்: காரைதீவுக் கரையோரத்தை முன்னிறுத்திய ஒரு வரலாற்று நோக்கு

கொழும்பிலிருந்து இரத்தினபுரி, வெல்லவாய, மொனராகலை, பொத்துவில் ஆகியவற்றினூடாக மட்டக்களப்பை நோக்கிச் செல்லும் ஏ-4 பெருந்தெருவும், அம்பாறையிலிருந்து சம்மாந்துறையைக் கடந்து கிழக்கே வரும் வீதியும் காரைதீவிலே சந்திக்கின்றன. சந்தியிலிருந்து வடக்கே சிறிது தூரம் சென்றால் மாளிகைக்காடு, சாய்ந்தமருது, கல்முனை. தெற்கே சென்றால் நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று. இந்துத் தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் இவ்வூர்களுக்குத் தமிழே பொதுமொழி. சுவாமி விபுலாநந்தர் 1892இல் பிறந்த ஊர் என்பதனாலேயே காரைதீவு தமிழாய்வாளர் பலருக்கு அறிமுகமாகியுள்ளது. யாழையும் இசையையும் ஆராய்ந்த பேரறிஞரின் ஊருக்குச் சென்று அவ்வூரின் வீதியை, அதுவும் வீதிக்கான அரசாங்கப் பத்திரங்களை, ஆராய முற்படுவது சிலருக்கு விசித்திரமாகத் தோன்றலாம்.

எனினும் பத்திரமும் ஒரு பனுவலே. அதற்கும் ஆசிரியர் உண்டு, வாசகர் உண்டு, மரபு உண்டு. கல்வெட்டொன்றை வாசிக்கும்போது நிலத்தைக் கொடுத்தவர் யார், பெற்றவர் யார், எல்லை எது, இறை நீக்கப்பட்டதா, கையெழுத்திட்டோர் யாவர் என்று வரிவரியாக வினவப் பழகியுள்ளோம். சோழர் காலத்துச் சபையோரின் ஆவணத்திற் காட்டும் இந்த நுணுக்கத்தை எமது காலத்து வீதி ஒப்பந்தத்தில் நாம் காட்டுவதில்லை. அதனைப் 'பைல்' என்று ஒதுக்கிவிடுகின்றோம். அரசியற் பொருளாதாரம் படித்தோரும் வீதியை உற்பத்திச் சக்திகளின் வளர்ச்சியாகவோ ஏகாதிபத்தியச் சுரண்டலின் கருவியாகவோ பொதுப்படக் கூறியமைந்துவிடுகின்றனர். இரண்டும் உண்மையே. ஆயினும், சுரண்டல் எந்தப் படிவத்தின் எந்தக் கட்டத்தின் வழியாக ஒரு மனிதனிடம் வந்து சேர்ந்தது என்பதனைக் காணாவிடின் அவ்வுண்மை வெறும் சூத்திரமாகவே நின்றுவிடும்.

இலங்கையில் வீதிக்கான நவீன அரசாங்கப் பத்திரத்தின் வரலாற்றை 1848ஆம் ஆண்டிலிருந்து தொடங்குவது பொருத்தமாகும். அவ்வாண்டில், தேசாதிபதி டொரிங்டனின் ஆட்சியில், வீதிக் கட்டளைச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. பதினெட்டு முதல் ஐம்பத்தைந்து வயது வரையிலான ஆண்கள் ஆண்டுதோறும் ஆறு நாள் ஊதியமின்றி வீதி வேலை செய்தல் வேண்டும். இயலாதோர் மூன்று சிலிங் செலுத்தி விடுபடலாம். இராசகாரியம் 1832ஆம் ஆண்டு ஆணையினால் ஒழிக்கப்பட்டு ஒன்றரைத் தசாப்தம் கழிந்த நிலையில், அதே கட்டாய உழைப்பு வேறு பெயருடன் திரும்பி வந்தது. அவ்வாண்டு மாத்தளையிலும் குருநாகலிலும் மூண்ட கிளர்ச்சிக்கான காரணங்களுள் இச்சட்டமும் ஒன்று.

பலர் கவனியாத ஒரு செய்தியை ஈண்டு குறிப்பிடுதல் தகும். இங்கிலாந்திலும் இத்தகைய கட்டாய வீதியுழைப்பு இருந்தது. 1555ஆம் ஆண்டுச் சட்டம் ஒவ்வொரு கோயிற்பற்றின் குடிமக்கள் மீதும் ஆண்டுக்கு நான்கு நாள் உழைப்பை விதித்தது. 1563இல் அது ஆறு நாளாயிற்று. ஏறக்குறைய மூன்று நூற்றாண்டு நிலவிய இவ்வழக்கத்தை இங்கிலாந்து 1835ஆம் ஆண்டின் பெருந்தெருச் சட்டத்தினால் ஒழித்தது. பதின்மூன்று ஆண்டுகளின் பின்னர் இலங்கைக்கு வந்ததும் ஆறு நாளே! தாய்நாட்டில் உதவாதெனக் கழிக்கப்பட்டது குடியேற்றநாட்டுக்குச் சீர்திருத்தமாயிற்று.

இச்சட்டத்தை நடைமுறைப்படுத்துவதற்குப் பெயர்ப் பட்டியல் தேவைப்பட்டது. ஊரில் எத்தனை ஆண்கள், அவர்களின் வயதென்ன, யார் உழைத்தார், யார் பணம் கட்டினார், யார் தவறினார் என்பன எழுதப்பட வேண்டியிருந்தன. ஊர்த் தலைமைக்காரரின் கையில் அரசாங்கம் கொடுத்த பேனா இதுவாகும். வயதை மதிப்பிடுபவரும் அவரே, தவறியவரைக் காட்டிக்கொடுப்பவரும் அவரே. எமது பிரதேசத்தின் நிலவுடைமை உறவுகளுடன் இதனை இணைத்து நோக்குமிடத்து இதன் வர்க்கத் தன்மை தெளிவாகும். நூற்றுக்கணக்கான ஏக்கர் வயலுடைய போடியாருக்கு மூன்று சிலிங் ஒரு பொருட்டன்று. அவரது வயலில் முல்லைக்காரனாக நின்று, அறுவடைக் களத்திலே பங்கு நெல் பெறுபவனுக்குக் காசு கைக்கு வருவதே அரிது. அவன் உடலையே கொடுத்தான். ஆகவே, சட்டத்தின் முன் ஒரே வரிசையில் எழுதப்பட்ட இருவரில் ஒருவர் நாணயமாகவும் மற்றவர் உழைப்பாகவும் மாற்றப்பட்டனர். சமத்துவம் பட்டியலில் மட்டுமே இருந்தது.

அவ்வுழைப்பினால் உருவான வீதிகள் பெரும்பாலும் எங்கே சென்றன என்பது வேறொரு வினா. மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களுக்கான வீதிகளே முதன்மை பெற்றன. கிழக்குக் கரை நெடுங்காலம் கடலையும் வாவியையும் தோணியையும் நம்பியே வாழ்ந்தது. மட்டக்களப்பு நகரைத் தென்கரையூர்களுடன் இணைத்த கல்லடிப் பாலம் 1924ஆம் ஆண்டளவிலேயே கட்டிமுடிக்கப்பட்டது. அதற்குத் தேசாதிபதியின் துணைவியாரான மனிங் சீமாட்டியின் பெயரைச் சூட்டினர். உழைத்தவர் பெயர் பட்டியலிலும் உழையாதவர் பெயர் பாலத்திலும் இடம்பெற்றன.

1861ஆம் ஆண்டின் பெருந்தெருக்கள் கட்டளைச் சட்டம் மாகாண, மாவட்ட வீதிக் குழுக்களின் நிருவாகத்தை வரன்முறைப்படுத்தியது. கட்டாய உழைப்பும் அதற்கு ஈடான தலைவரியும் இருபதாம் நூற்றாண்டில், தேசிய இயக்கத்தினரின் எதிர்ப்பின் பின்னரே, மறைந்தன. குடிமகன் பட்டியலிலிருந்து நீங்கினான். ஆயினும் ஒப்பந்தத்தின் ஒரு தரப்பாக அவன் உயர்த்தப்படவில்லை. பொதுவேலைத் திணைக்களத்தின் பத்திரங்களில் இரு தரப்புகளே இருந்தன: அரசாங்கம் ஒன்று, கேள்விப்பத்திரத்தின் மூலம் தெரிவாகும் ஒப்பந்தகாரர் மற்றொன்று.

1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டபோது இக்கரையோரத்தின் பத்திர வரலாற்றில் ஒரு திருப்பம் நேர்ந்தது. இங்கினியாகலையில் அணை கட்டும் ஒப்பந்தத்தை மொறிசன்-நட்சன் என்னும் அமெரிக்க நிறுவனம் பெற்றது. உள்நாட்டிலே அம்பாறை நகரம் எழுந்தது. 1961இல் மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்பகுதி பிரிக்கப்பட்டு அம்பாறை மாவட்டமாயிற்று. இதன் குடியேற்ற அரசியல் பற்றிப் பலர் விரிவாக எழுதியுள்ளமையால் அதனை மீண்டும் கூறவேண்டியதில்லை. எமக்கு வேண்டியது ஒரு சிறு விடயம்: கோப்புகளின் திசை மாறியது. அதுவரை வடக்கே மட்டக்களப்புக் கச்சேரிக்குச் சென்ற விண்ணப்பம் இப்போது காரைதீவுச் சந்தியில் மேற்கே திரும்பி அம்பாறைக்குச் சென்றது. அங்கிருந்து திரும்பி வந்த கடிதம் பல வேளைகளில் சிங்களத்தில் இருந்தது. 1956ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டமும், 1958ஆம் ஆண்டின் தமிழ் மொழி விசேட ஏற்பாடுகள் சட்டமும், தமிழையும் அரசகரும மொழியாக்கிய 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தமும் ஏட்டிலே வரிசையாக உள்ளன. கரையோரத்து விவசாயி அவற்றை அறிந்துகொண்டது தன் கையிலிருந்த கடிதத்தை வாசிக்க இன்னொருவரைத் தேடிச் சென்றபோதுதான்.

அமெரிக்க நிறுவனம் ஒன்றைக் குறிப்பிட்டோம். அந்நாட்டில் மத்திய அரசின் பணத்தில் வீதி அமைப்பதற்கான பத்திர முறை எவ்வாறு உருவாயிற்று என்பதையும் சற்று நோக்குதல் ஒப்பீட்டுக்குப் பயன்படும். 1916 யூலையில் சனாதிபதி வில்சன் ஒப்பமிட்ட கூட்டாட்சி வீதியுதவிச் சட்டம் ஐந்தாண்டுக்கு 75 மில்லியன் டொலரை ஒதுக்கியது. பணத்தைப் பெற விரும்பும் மாநிலம் முதலிற் சட்டத்துக்குத் தன் சம்மதத்தைத் தெரிவித்து, தனக்கெனப் பெருந்தெருத் திணைக்களம் ஒன்றை அமைத்தல் வேண்டும். பின்னர் வேலைக் கூற்று, வரைபடம், விவரக்குறிப்பு, மதிப்பீடு ஆகியவற்றைச் சமர்ப்பிக்க வேண்டும். அவை அங்கீகரிக்கப்பட்ட பின்னரே மத்திய அரசு தன் பங்கை ஏற்கும்; அப்பங்கு மொத்தச் செலவின் பாதிக்கு மேற்படலாகாது. வீதியைப் பேணுவது மாநிலத்தின் கடமை. அதில் தவறின் புதிய வேலைகளுக்கு அங்கீகாரம் மறுக்கப்படும்.

இதனை அலுவலக மெத்தனம் என்று எள்ளுவோர் அந்நாட்டிலும் உளர். ஆனால் இப்பத்திரங்கள் செய்த காரியம் யாது? மத்திய அரசுக்கு எதிரே ஒப்பமிடத்தக்க ஓர் உள்ளூர் நிறுவனத்தை அவை உண்டாக்கின. கணக்குக் கேட்கவும் கணக்குக் கொடுக்கவும் வல்ல இரு தரப்புகள் தோன்றின. முதலாளித்துவ அரசின் இருவேறு அடுக்குகளுக்கிடையிலான பேரம் இது என்பதை நாம் மறக்கவில்லை. 1956ஆம் ஆண்டுச் சட்டம் 41,000 மைல் மாநிலங்களிடைப் பெருந்தெருக்களுக்கு நூற்றுக்குத் தொண்ணூறு வீதம் வழங்க முன்வந்தபோது, மயாமியின் ஓவர்ட்டவுன், சென் போல் நகரின் றொண்டோ முதலிய கறுப்பின மக்களின் குடியிருப்புகள் பிளக்கப்பட்டன. ஒப்பந்தம் முறையாகவே இருந்தது. இரு தரப்பும் ஒப்பமிட்டிருந்தன. வீடிழந்தோர் இரு தரப்பிலும் இருக்கவில்லை. குடியுரிமைப் போராட்டங்களும் நகர மக்களின் எதிர்ப்பியக்கங்களும் எழுந்த பின்னரே, 1970இல், இடம்பெயர்க்கப்படுவோருக்கான சீரான உதவிச் சட்டம் நிறைவேறியது. எனவே, படிவத்திற் புதிதாகச் சேரும் ஒவ்வொரு கட்டமும் வெளியே தெருவில் நடந்த ஏதோவொரு மோதலின் தடயமாக இருக்கக்கூடும். படிவத்தை வெறும் சடங்காகக் காண்பவர் இதனைத் தவறவிடுவர்.

இலங்கை ஒற்றையாட்சி நாடு. பதின்மூன்றாம் திருத்தம் மாகாண வீதிகளை மாகாண சபைக்கு அளித்துத் தேசியப் பெருந்தெருக்களை மத்திய அரசிடம் வைத்தது. ஏ, பி வகுப்பு வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பில் உள்ளன. காரைதீவிற் சந்திக்கும் இரு பெருந்தெருக்களும் இவ்வகையின. கிழக்கு மாகாண சபைக்கு அவற்றில் அதிகாரமில்லை. அச்சபைதானும் 2017இல் தன் பதவிக்காலம் முடிவுற்ற பின்னர் ஆண்டுக்கணக்கில் தேர்தலின்றிக் கிடந்தது. ஆக, மத்திய அரசின் எதிரே ஒப்பமிடுவது மாகாணமன்று. 2004 டிசெம்பர் 26ஆம் நாள் கடற்கோளின் பின்னர் இக்கரையோர வீதிகளும் பாலங்களும் வெளிநாட்டுக் கடனாலும் உதவியாலும் மீளமைக்கப்பட்டன. கல்லடியில் ஜப்பானிய உதவியுடன் அமைந்த புதிய பாலம் 2013இல் திறக்கப்பட்டது. இத்தகைய கடனொப்பந்தங்களில் ஒரு பக்கம் வங்கியும் மறுபக்கம் குடியரசின் சார்பில் திறைசேரியும் நிற்கின்றன. மொழி ஆங்கிலம். சட்டமா அதிபரின் கருத்துரை, கொள்வனவு விதிகள், சூழல் அறிக்கை, மீள்குடியமர்த்தல் திட்டம் என இணைப்புகள் நீளும். இவ்விணைப்புகளிலேதான் ஊரவர் முதன்முறையாகத் தோன்றுகின்றனர். அவர்களுக்கு அங்கே இடப்பட்டுள்ள பெயர் 'பாதிக்கப்பட்ட ஆள்' என்பதாகும். 1848இல் கடப்பாடுடையவன், இப்போது பாதிக்கப்பட்டவன். கடனைத் திருப்பிச் செலுத்துபவனும் அவனே எனினும் அத்தகுதி எவ்விணைப்பிலும் எழுதப்படுவதில்லை.

வீதியை அகலமாக்குவதற்குக் காணி வேண்டும். காணியைக் கையேற்பதற்கான சட்டம் 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டமாகும். அதன் படிமுறை நீளமானது. இரண்டாம் பிரிவின் கீழ் ஆரம்ப அறிவித்தல். நான்காம் பிரிவின் கீழ் ஆட்சேபனைக்கு இடமளிக்கும் அறிவித்தல். ஐந்தாம் பிரிவின் கீழ்ப் பொதுத் தேவைக்கான பிரகடனம். ஏழாம் பிரிவின் கீழ் உரிமை கோருவோருக்கான அழைப்பு. ஒன்பதாம் பிரிவின் கீழ் விசாரணை. பத்தாம் பிரிவின் கீழ் உரித்துத் தீர்மானம். பதினேழாம் பிரிவின் கீழ் நட்டஈட்டுத் தீர்ப்பு. இவ்வறிவித்தல்களின் தமிழைத் தமிழாய்வாளர் ஒருமுறையேனும் வாசித்தல் நன்று. ஏறத்தாழ எல்லா வினைகளும் செயப்பாட்டு வினைகளே: காணி தேவைப்படுகின்றது, அளக்கப்படும், எடுக்கப்படும். எழுவாய் இல்லை. எமது இலக்கணத்தில் எழுவாய் தொக்கி நிற்கலாம் என்பது உண்மை. அரசாங்கம் தொக்கி நிற்பதை எந்த இலக்கண நூலாரும் முன்னறிந்திருக்கமாட்டார்.

ஏழாம் பிரிவின் அழைப்பிலிருந்து பத்தாம் பிரிவின் தீர்மானம் வரையிலான பகுதியே காரைதீவுக்கும் அதன் அயலூர்களுக்கும் மிக முக்கியமானது. உரிமையாளர் யார் என்னும் வினா இங்கேதான் எழுகின்றது. கிழக்குக் கரையின் தமிழரும் முஸ்லிம்களும் தாய்வழிக் குடிமுறையைப் பின்பற்றுவோர். மகளுக்குத் திருமணமாகும்போது வீடும் வளவும் சீதனமாக அவளுக்கு எழுதப்படும்; மணமகன் அவள் வீட்டுக்கு வந்து வாழ்வான். காரைதீவு இந்துவுக்கும் சாய்ந்தமருது முஸ்லிமுக்கும் மதம் வேறு, வீட்டு வாசலின் சட்டம் ஒன்று. டெனிஸ் மக்கில்வ்ரே அக்கரைப்பற்றை மையமாகக் கொண்டு நெடுங்காலம் செய்த ஆய்வு 2008இல் நூலாக வெளிவந்தது. இவ்வமைப்பின் விரிவை அதிற் காணலாம். பத்திரமற்ற வாய்மொழிச் சமூகமாக இதனை எண்ணுவதும் தவறு. குடிகளின் உரிமைகளையும் கோயில் முறைகளையும் எழுதிவைக்கும் மரபு இங்கு இருந்தது. எப்.எக்ஸ்.சி. நடராசா 1962இல் பதிப்பித்த மட்டக்களப்பு மான்மியத்திற் சேர்ந்துள்ள கல்வெட்டுப் பாடல்கள் இதற்குச் சான்று. ஊரவர் பத்திரத்துக்குப் புதியவரல்லர். அரசாங்கத்தின் படிவமே அவர்களுக்குப் புதியது.

அப்படிவம் 'வீட்டுத் தலைவர்' யாரென்று கேட்கின்றது. கணவன் பெயர் எழுதப்படுகின்றது. கடற்கோளின் பின்னர் நிவாரணத்துக்கும் வீட்டுத் திட்டத்துக்கும் இவ்வாறே எழுதப்பட்டது. தாய்வழிச் சொத்துரிமையுள்ள இம்மாவட்டத்தில் புதிய வீடுகளின் உரித்து ஆண்களின் பெயருக்குச் செல்வதாகப் பெண்கள் அமைப்புகளும் ஆய்வாளரும் சுட்டிக்காட்டினர். கிழக்கிலங்கைப் பெண்தலைமைக் குடும்பங்களைப் பற்றிய காஞ்சனா ருவன்புரவின் 2006ஆம் ஆண்டு நூல், தாய்வழி வழக்கங்கள் உள்ள சமூகத்திலும் ஆணாதிக்கம் மறையவில்லை என்பதை நிறுவுகின்றது. நாமும் தாய்வழிமுறையைப் பொற்காலமாக்க விரும்பவில்லை. சீதனத்தின் சுமையால் நொந்த பெற்றோரை அறியாதவர் இங்கு எவருமிலர். ஆயினும் பெண்ணிடம் இருந்தது ஓர் உறுதி, பதிவாளரிடம் பதிந்த உறுதி. வீதிக்கென வளவின் முன்பகுதி எடுக்கப்படும்போது, அதற்கான நட்டஈட்டுக் கோரிக்கையில் அவள் பெயர் உரிமையாளராக வருவதா, 'குடும்ப உறுப்பினர்' என்னும் கட்டத்தில் வருவதா என்பது அவளது வாழ்நாட் சேமிப்பைத் தீர்மானிக்கும்.

வயற் காணியின் நிலை வேறு. அரசகாணி 'பெர்மிட்' 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்படுவது. பின்னுரித்தாளர் நியமிக்கப்படாதவிடத்து அச்சட்டத்தின் அட்டவணை ஆண்மக்களுக்கே முன்னிடம் அளித்தது. இப்பாகுபாட்டை நீக்கும் திருத்தம் 2022இலேயே நிறைவேறியது. ஆகவே ஒரே குடும்பத்தில் கடற்கரைப் பக்க வளவு தாய்வழியாகவும் வாய்க்காற் பக்க வயல் தந்தைவழியாகவும் செல்லலாயின. இரண்டையும் ஒரே வீதி வெட்டிச் செல்லுமிடத்து இரண்டு வகைப் பத்திரங்களுடன் இரண்டு வகை வாரிசுகள் பிரதேச செயலகத்தில் நிற்க நேரும்.

இந்நிலையில், பத்திரங்களைக் குறைத்து அபிவிருத்தியை விரைவுபடுத்த வேண்டும் என்னும் குரல் இடையிடையே ஒலிக்கின்றது. முற்போக்காளர் சிலரும் அலுவலக ஆட்சிமுறையின்பாற் கொண்ட இயல்பான வெறுப்பினால் இக்குரலுக்கு உடன்படுகின்றனர். எந்தப் பத்திரம் குறைக்கப்படும் என்று அவர்கள் கேட்பதில்லை. காணி கையேற்றற் சட்டத்தின் 38ஆம் பிரிவில் அவசர ஏற்பாடு ஒன்றுள்ளது. அதன்படி விசாரணையும் நட்டஈட்டுத் தீர்ப்பும் முடிவடையுமுன்னரே காணியை உடைமையாக்கிக்கொள்ளலாம். வங்கிக்கான பத்திரங்களில் ஒன்றேனும் இதனாற் குறைவதில்லை. ஒப்பந்தகாரருக்கான பட்டியல்களும் குறைவதில்லை. பின்தள்ளப்படுவது பத்தாம், பதினேழாம் பிரிவுகளின் பத்திரங்களே, அதாவது உரிமையாளர் பெயர் எழுதப்படும் பத்திரங்களே. இயந்திரம் வளவுக்குள் வந்த பின்னர் உரித்தை நிறுவுமாறு கேட்கப்படும் பெண், வேலியையும் கிணற்றையும் இழந்த நிலையிலே தன் எல்லைகளை விவரிக்க வேண்டியவளாகின்றாள்.

கடற்கோளில் உறுதிகள் பல வீடுகளுடன் அழிந்தன. நொத்தாரிசின் மூலப்பிரதியும் காணிப் பதிவகத்தின் இரட்டைப் பிரதியும் எஞ்சியிருக்குமாயின் அவற்றைத் தேடிப் பெறலாம். அதற்கு உறுதியின் இலக்கமாவது தெரிந்திருக்க வேண்டும். அது நினைவில் இல்லாதவிடத்துத் தாயின் பெயர், தாயின் தாய் பெயர், குடி, எல்லைக் காணிக்காரரின் பெயர் ஆகியவற்றைக் கொண்டே தேடவேண்டும். குடிவழி அறிந்த முதிய பெண்கள் இவ்வாறான விவரங்களைக் கூற வல்லவர். வீதித் திட்டங்களின் கோப்புகளையும் தலைவரிக் காலத்துப் பதிவேடுகளையும் ஆராயப் புகும் மாணவர், அவற்றுடன் இம்மூதாட்டியர் கூறும் எல்லை விவரங்களையும் எழுதிக்கொள்ளத் தொடங்குவாராயின், உரித்து விசாரணைக்கு ஓர் ஊர்ப்பதிவு கிடைக்கும். அவ்வேலை காரைதீவில் இன்னும் தொடங்கப்படக்கூடிய நிலையிலுள்ளது. அவற்றைக் கூறவல்லோர் ஆண்டுக்காண்டு குறைந்து வருகின்றனர்.